மாலை போட்ட டப்பா

ஆயுத பூஜை அன்னிக்கு டூட்டி யாருக்குன்னு அந்தக் கம்ப்யூட்டர் சென்டர்ல யாரும் கேக்கறதே இல்ல. மோசஸுக்குத்தான். கிறிஸ்மஸ் அன்னிக்கு டூட்டி சிவஞானத்துக்கு. ரெண்டு பேரும் அந்த சர்க்கார் கம்பெனியில சேர்ந்த வருசத்துலேர்ந்து இதான் ஏற்பாடு. ஒருத்தன் டிபன் பாக்ஸுல இன்னொருத்தன் கேக்காம கை விடுவான். அந்த மாதிரி பண்டிகையையும் பங்கு போட்டுக்கிட்டாங்க.

மோசஸ் செகந்திராபாத்துல லாலாகுடா ஆளு. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இருந்து ரிடையர் ஆனவரு. பூர்வீகம் நாசரேத் பக்கம், அதனால வீட்டுல பேச்சு இன்னும் திருநெல்வேலிப் பேச்சுதான். சிவஞானம் வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், பட்டாளத்துக்கு சாமான் சப்ளை பண்ண வந்து செகந்திராபாத்துலயே தங்கிட்டவங்க. ரெண்டு பேருக்கும் மேல ஆபீசர் பத்ரிநாராயணன் சார். கும்பகோணத்துக்காரர். நல்லா வேலை தெரிஞ்ச மனுசன், கோவம் வந்தாக்கூட குரல் ஏறாது.

மோசஸ் பாத்துக்கிட்டது ஒரு டப்பாவை. சூட்கேஸ் சைஸுல ஒரு பெட்டி, முன்னாடி பச்சை லைட்டு வரிசையா மினுக்கும். அந்த டப்பாதான் பிளான்ட்டுல இருக்கற எல்லா கம்ப்யூட்டரையும், டெர்மினலையும், பிரிண்டரையும் ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கும். அதுங்களுக்குப் பேர் தெரியாது, நம்பர்தான் தெரியும். மனுசனுக்கு நம்பர் நெனப்புல நிக்காது, பேர்தான் நிக்கும். அதனால டப்பாவுக்குள்ள ஒரு பட்டியல். 'ஸ்டோர்ஸ்'னு தட்டினா அது ஸ்டோர்ஸ் நம்பரைத் தேடிப் பிடிச்சு அங்க சேத்துடும். 'கேட்'னா கேட்டுக்கு. ஒரு மிஷினை இடம் மாத்தினா, புது நம்பரை அந்தப் பேருக்கு நேரா மோசஸ் மாத்தி வைக்கணும். அதை அந்த டப்பாவோட ஒட்டியிருக்கற கீபோர்டுல உக்காந்துதான் செய்ய முடியும். ஒரு வாட்டி மாத்தினத 'சேமி'ன்னு சொன்னாத்தான் அது மறக்காம வெச்சிக்கும். இல்லைன்னா ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டா பழைய நம்பருக்கே திரும்பிடும்.

பட்டியல்ல 'ஃபயர்'னு ஒரு பேர் உண்டு. போபால் நடந்ததுக்கு அப்புறம் வந்த பேரு. சர்க்யூட் போர்டு கழுவற ஷெட்டுல அமோனியா சிலிண்டருங்க இருக்கும். கேஸ் கசிஞ்சா அங்க இருக்கற ஒரு சின்ன மிஷின் மோப்பம் பிடிச்சு, 'ஃபயர்'ங்கற பேருக்கு ஒரு வரி அனுப்பும். ஃபயர் ஸ்டேஷன் பிரிண்டர் மணி அடிச்சு அதை அச்சடிக்கும். மூஞ்சியில மாஸ்க் மாட்டிக்கிட்டு ஆளுங்க ஓடுவாங்க. எம்பத்தெட்டு தசராவுக்குள்ள ரெண்டு மூணு தடவ அப்படி ஓடியிருக்காங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல.

அந்த வருச ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில மோசஸ் வந்து உக்காரும்போதே தாயம்மாள் ஒரு கூடை செண்டுமல்லியோட வந்துட்டா. கான்ட்ராக்ட்டுல பெருக்கற பொம்பள. தர்மபுரிப் பக்கம். மோண்டா மார்க்கெட்டுல விடியக்காலையில போய் வாங்கி, பஸ்சுலயே உக்காந்து கட்டிக்கிட்டு வருவா.

"மோசஸ் சாரு, இந்த வருசம் ஒங்க டப்பாவுக்குத்தான் பெரிய மாலை. போன வருசம் சின்னதுன்னு அது மொறச்சிக்கிச்சி."

"அது மொறைக்கல யக்கா. ஒங்க பூவுல இருந்த எறும்பு உள்ள போயிருக்கும்."

"எறும்புக்கும் இன்னிக்கு லீவு சாரு. எனக்குத்தான் இல்ல. மேஸ்திரி சொல்லிட்டான், எல்லா ஷெட்டுலயும் பூசணிக்கா ஒடச்சி வெப்பானுங்க, நாளைக்குத் தெறக்கறதுக்குள்ள நீ கழுவி வெச்சிடுன்னு." கூடையிலேர்ந்து ஒரு முழம் எடுத்து நீட்டினா. "இது ஒங்க வூட்டம்மாவுக்கு."

"எங்க வீட்ல பூ வெக்க மாட்டாவ யக்கா."

"தலையில வெக்காட்டிப் போவட்டும். மேசை மேல வெக்கச் சொல்லு. பூ என்ன பாவம் பண்ணுச்சி?"

சிரிச்சிக்கிட்டே அதை வாங்கி டிபன் கேரியர் பையில போட்டுக்கிட்டான்.

அவ போனதும் ஃபயர் ஸ்டேஷன்லேர்ந்து போன். லத்தீஃப் பாய். "மோசஸ் பாய், ஹாலை அலம்பறோம், வண்டிக்கு பெயின்ட் அடிக்கறோம், டெர்மினலை ஆஃப் பண்றேன். மத்யானம் வரைக்கும் என் பேருக்கு வர்றத டைம் ஆபீஸுக்குத் திருப்பி வுடு. அங்க கிளார்க் இருக்கான்." வருசா வருசம் நடக்கறதுதான். மோசஸ் கீபோர்டுல உக்காந்து 'ஃபயர்'ங்கற பேருக்கு நேரா டைம் ஆபீஸ் நம்பரைப் போட்டான். சேமிக்கல. மத்யானம் மாத்தப் போறதுதானே.

பத்து மணிக்கு மேல எல்லாரும் வந்தாங்க. குழந்தைங்க, பட்டுப்புடவைங்க, சுண்டல் அண்டா, வெளிய மைக் செட். பத்ரிநாராயணன் சார் பஞ்சகச்சத்தோட வந்து அவரே பொட்டு வெச்சாரு. டிஸ்க் மிஷினுக்கு, பிரிண்டருக்கு, கடைசியா டப்பாவுக்கு. தாயம்மாள் கட்டின பெரிய மாலை டப்பா மேலயும் கீபோர்டு மேலயும் விழுந்து தரையைத் தொட்டுச்சு. ப்ளக் பாயின்ட் முன்னாடி ஒரு குத்துவிளக்கு. மோசஸ் கதவோரமா நின்னு பாத்துக்கிட்டிருந்தான். கூப்பிட்டா உள்ள போவான், கூப்பிடலைன்னா அங்கயே நிப்பான். போன வருசத்துலேர்ந்து அப்படித்தான்.

போன வருசம் என்ன நடந்துச்சுன்னா, பூஜை முடிஞ்ச கையோட டெல்லிக்கு அவசரமா ஒரு ரிப்போர்ட் போகணும்னு, மாலையை ஒதுக்கிட்டு மோசஸ் டேப் மாட்டினான். சாயங்காலம் டிஸ்க் பழுதாப் போச்சு. அது என்னிக்கோ போக வேண்டிய டிஸ்க்கு. பத்ரிநாராயணன் சார் ஒரு வார்த்தை திட்டல. மறுநாள் சாஸ்திரிகளைக் கூட்டிட்டு வந்து ரூம் பூரா தண்ணி தெளிச்சாரு. தெளிக்கறதுக்கு முன்னாடி, "மோசஸ், நீ செத்த வெளில நில்லுப்பா"ன்னாரு. அவ்வளவுதான். கன்னத்துல அறைஞ்சிருந்தாக்கூட மோசஸ் மறந்திருப்பான்.

பன்னெண்டரைக்கு லத்தீஃப் பாய் மறுபடியும் போன் பண்ணினாரு. "என் டெர்மினல் ஆன் ஆயிடுச்சு. பேரைத் திருப்பிப் போட்டுடு."

மோசஸ் ரிசீவரை மேசை மேல வெச்சிட்டு டப்பாகிட்ட போனான். சிவஞானம் பக்கத்துல நின்னு தொன்னையில சுண்டல் போட்டுக்கிட்டிருந்தான். பத்ரிநாராயணன் சார் சம்சாரத்தோட கிளம்பிக்கிட்டிருந்தாரு.

"சார், ஃபயர் பேரைப் பழைய நம்பருக்கு மாத்தணும். ஒரு நிமிசம் கீபோர்டுல—"

"இன்னிக்கா?"

"காலைல டைம் ஆபீஸுக்குத் திருப்பி வுட்டிருக்கேன் சார். அவங்க அரை நாள்ல பூட்டிட்டுப் போயிடுவாங்க."

"பூஜையில வெச்சதத் தொடறதில்லைப்பா. ஒனக்குத் தெரியாதா என்ன? நாளைக்கு விஜயதசமி. காலம்பற வந்து நானே முதல் கை வெச்சுத் திறக்கறேன். நீ அப்பறமா மாத்திக்கோ." செருப்பு மாட்டினாரு. "ஷாப்பெல்லாம் மூடிக் கிடக்கு. எந்த கேஸு எங்கேர்ந்து வரப் போறது?"

மோசஸ் சிவஞானத்தைப் பாத்தான். சிவஞானம் தொன்னையை நீட்டினான். "சாப்பிடுடா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

ரிசீவர் அப்படியே மேசை மேல கெடந்துச்சு. எடுத்தான். "என்ன பாய், ஆயிடுச்சா?"ன்னு லத்தீஃப் கேட்டாரு.

எங்க சார் விடலன்னு சொல்லியிருக்கலாம். ஒரு பையனை டைம் ஆபீஸ்ல உக்கார வெய்யுங்கன்னு சொல்லியிருக்கலாம். சொன்னா லத்தீஃப் சத்தம் போடுவாரு, பத்ரிநாராயணன் சாருக்குப் போன் பண்ணுவாரு, பூஜை நாளும் அதுவுமா அந்த கிறிஸ்டியன் மறுபடியும் ஆரம்பிச்சிட்டான்னு ஆகும்.

"ஹோ ஜாத்தா பாய்"ன்னான் மோசஸ். ஆயிடும்ங்கறதுக்கு அந்த ஊருல எல்லாரும் சொல்றதுதான். லத்தீஃப் சரின்னு வெச்சிட்டாரு.

எல்லாரும் போயிட்டாங்க. ரூமுல கற்பூர வாசனையும் ஏசி சத்தமும்தான். மோசஸ் டப்பா முன்னாடி போய் நின்னான். மாலைக்கு நடுவுல பச்சை லைட்டு மினுக்கிக்கிட்டே இருந்துச்சு. அவன் மனசுல கணக்கு ஓடுச்சு. கீபோர்டைத் தொடவே வேணாம். சேமிக்காததுனால, பின்னாடி ப்ளக்கை ஒரு தரம் பிடுங்கிப் போட்டாப் போதும். டப்பா தானா பழைய நம்பருக்கு வந்துடும். குத்துவிளக்கைக் கொஞ்சம் நகத்தணும். அவ்வளவுதான். ஒரு ஆளும் பாக்க மாட்டான்.

குனிஞ்சான். விளக்கு இன்னும் எரிஞ்சிக்கிட்டிருந்துச்சு. பிடுங்கி, டப்பா திரும்ப எழுந்திருக்காமப் போயிட்டா? எப்பவோ போக வேண்டிய ஒரு சாமான் உள்ள இன்னிக்கே போயிட்டா? நாளைக்குக் காலையில தண்ணி தெளிப்பாங்க. செத்த வெளில நில்லுப்பா.

கையை எடுத்துக்கிட்டான். டைம் ஆபீஸுக்குப் போன் போட்டான். மணி அடிச்சிக்கிட்டே இருந்துச்சு, யாரும் எடுக்கல. சாப்பாட்டுக்குப் போயிருப்பாங்கன்னு நெனச்சான். நெனச்சிக்கிட்டான்னுதான் சொல்லணும்.

போர்டு கழுவற ஷெட்டுல பசங்க சிலிண்டருக்கு வாழைக்கன்னு கட்டியிருந்தாங்க. கட்டும்போது இழுத்த இழுப்புல ட்யூப் லூசாயிருக்கு. பூஜை முடிச்சு, பூசணிக்காயை ஒடச்சிட்டு, கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. தாயம்மாள் சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்னு வாளியும் தொடப்பமுமா உள்ள போயிருக்கா. அவ உள்ள இருக்கும்போதுதான் ட்யூப் கழண்டு கேஸ் கெளம்பியிருக்கு. சின்ன மிஷின் பாட்டரியில ஓடிக்கிட்டிருந்துச்சு, அது அது வேலையைச் சரியா செஞ்சிது. அதோட சங்கும் ஊதுச்சு. வெளிய மைக் செட்டுல சாமி பாட்டு, சங்கு யார் காதுலயும் விழல. 'ஃபயர்'னு அனுப்பிச்சு, டப்பா பாத்துச்சு, டைம் ஆபீஸுன்னு இருந்துச்சு, அங்க கொண்டு போய் சேத்துச்சு.

ரவுண்டு வந்த வாட்ச்மேனுக்கு மூக்குல ஏறி அவன் கத்தினப்பதான் ஃபயர் ஆளுங்க ஓடினாங்க. மோசஸ் ஷெட்டுப் பக்கம் போகல. நேரா டைம் ஆபீஸுக்கு ஓடினான். பூட்டியிருந்துச்சு. கண்ணாடி ஜன்னல் வழியாப் பாத்தான். பிரிண்டர்லேர்ந்து பேப்பர் நீளமாத் தொங்கி தரையில மடிஞ்சு கெடந்துச்சு. மணியும் அடிச்சிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கண்ணாடிக்கு வெளிய மெல்லிசாக் கேட்டுச்சு. எல்லாம் ஒரே வரிதான், கேஸ் கசியுதுன்னு. அவன் நின்னுக்கிட்டிருக்கும்போதே இன்னொரு வரி விழுந்துச்சு.

தாயம்மாள் கதவுக்கிட்ட வரைக்கும் வந்திருந்தாள்னு அப்பறமாச் சொன்னாங்க. அந்தக் கதவு தானாச் சாத்தித் தாழ் விழுந்துக்கும், தாழ்ப்பாள் தரையை ஒட்டி இருக்கும். கண்ணு தெரியாமத் தேடியிருக்கா.

ஆஸ்பத்திரி வாசல்ல அவ அக்கா உக்காந்திருந்தா. மோசஸ் பக்கத்துல போனதும் நிமுந்து பாத்து, "நீங்கதான மோசஸ் சாரு? சொல்லுவா ஒங்களப் பத்தி"ன்னா. மோசஸுக்கு அதுக்கு மேல அங்க நிக்க முடியல.

வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிப் போட்டான். ரெண்டு நாள் கழிச்சு அவன் பெண்சாதி பியூலா கேரியர் கழுவ எடுத்தப்ப, பைக்குள்ள கருகின செண்டுமல்லி. "இது என்னதுங்க?"ன்னு கேட்டா. அவன் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டான்.

உயிர் போன கேசுங்கறதுனால எல்லாம் வேகமா நடந்துச்சு. மோசஸ் சஸ்பெண்டு. டப்பாவுல கடைசியா பேரை மாத்தினது அவன். திருப்பிப் போடாததும் அவன். என்கொயரியில குத்தம் நெலச்சா வேலை போயிடும். வேலை போனா அந்த வயசுல எவன் எடுப்பான்? பத்ரிநாராயணன் சார் தொடக் கூடாதுன்னு தடுத்தாருங்கறதுக்கு ஒரே சாட்சி சிவஞானம். பியூலாவுக்கு அது போதும்னு இருந்துச்சு. "அவரு சொல்லிருவாரு. எத்தன வருசம் நம்ம வீட்டு மீன் கொழம்பத் தின்னிருக்காரு."

என்கொயரிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சிவஞானம் லாலாகுடாவுக்கு வந்தான். ஸ்கூட்டரை நிறுத்திட்டு உள்ள வரவே நேரமாச்சு. மோசஸோட பொண்ணு கதவைத் தெறந்து, "அங்கிள் ஆயே, வந்திருக்காரு"ன்னு உள்ள பாத்துக் கத்தினா.

உக்காந்தான். பியூலா காப்பி வெச்சா. குடிக்கல.

"டேய், என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டியா?"

"என்னத்தக் கேக்க? ஒனக்குத் தெரியாதா நடந்தது?"

"தெரியும்டா." சிவஞானம் டம்ளரைத் திருப்பித் திருப்பி வெச்சான். "என் பிரமோஷன் பேப்பர் அவர் மேசையில இருக்கு. பொண்ணு நீலாவுக்கு மாப்பிள்ளை பேசி வெச்சிருக்கேன். நான் ஆபீசர் கிரேடுன்னு சொல்லித்தான் பேசியிருக்கேன்."

பியூலா சமையக்கட்டு வாசல்லயே நின்னுட்டா. "அப்ப என்ன சொல்லப் போறீய அண்ணே?"

"பொய் சொல்ல மாட்டேன்மா."

"நான் பொய்யைக் கேக்கல அண்ணே. நெசத்தைத்தான் கேக்கேன். சொல்லுவீயளா, மாட்டீயளா?"

சிவஞானம் மோசஸைப் பாத்தான். மோசஸ் தரையைப் பாத்துக்கிட்டிருந்தான். காப்பி ஆறி ஏடு கட்டுச்சு. சிவஞானம் எழுந்து போயிட்டான். ஸ்கூட்டர் சத்தம் முக்கு திரும்புற வரைக்கும் பியூலா அந்த எடத்துலயே நின்னா. "இந்தாளு சொல்ல மாட்டாரு"ன்னா. அப்பறம், "நீங்களாவது கேட்டிருக்கலாம்ல, வாயத் தெறந்து? என்னத்துக்கு இப்பிடி இருக்கீய?"

மோசஸ் ஏன் கேக்கலன்னா, அவன் கண்ணு முன்னாடி எப்பவும் அந்த குத்துவிளக்கு. தடுத்தது பத்ரிநாராயணன் சார்தான். ஆனா எல்லாரும் போனதுக்கு அப்பறம் அந்த ரூமுல தடுக்க யாரும் இல்ல. அதை அவன் பியூலாகிட்டக்கூட சொல்லல.

என்கொயரி ஆபீசர் ஹெட் ஆபீஸ்லேர்ந்து வந்த ஒரு தெலுங்குக்காரர். பொறுமையாக் கேட்டாரு. லத்தீஃப் பாய் வந்து, "ஹோ ஜாத்தான்னு சொன்னான் சாப். நான் ஆயிடுச்சுன்னே நெனச்சேன். எப்பவும் செய்யறவன்தானே"ன்னு சொல்லிட்டு, போகும்போது மோசஸ் தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போனாரு. அந்தத் தட்டு திட்டறத விட மோசமா இருந்துச்சு.

பத்ரிநாராயணன் சார் நிதானமாப் பேசினாரு. "பூ கலையாமப் பாத்துக்கோன்னு சொன்னது வாஸ்தவம். சேஃப்டி வேலையைச் செய்யாதேன்னு எவனாவது சொல்லுவானா? அப்படியே சொன்னேன்னு வெச்சுக்கோங்கோ, நான் போனதுக்கப்பறம் மூணு மணி நேரம் ரூமுல தனியாத்தானே இருந்தான். ஒரு ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டா போறுமே. அது அவனுக்குத் தெரியாதா?"

மோசஸ் யாருகிட்டயும் சொல்லாதது அந்த மனுசன் வாயிலேர்ந்து வந்துச்சு.

அப்பறம் சிவஞானம்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இருந்தேன் சார்."

"தொட வேண்டாம்னு பத்ரிநாராயணன் சொன்னதக் கேட்டீங்களா?"

சிவஞானம் கைக்குட்டையால கழுத்தைத் தொடச்சான். "குழந்தைங்க கூட்டம் சார். சுண்டல் கொடுத்துட்டிருந்தேன். காதுல விழல."

என்கொயரி ஆபீசர் மோசஸ் பக்கம் திரும்பினாரு. "ஒங்களுக்கு ஏதாவது சொல்லணுமா?"

அந்த நிமிசம் சிவஞானம் தலையை நிமுத்தி மோசஸைப் பாத்தான். திட்டுடா, பொய்யன்னு கத்துடான்னு கேக்கற மாதிரி இருந்துச்சு அந்தப் பார்வை.

"அவரு வேணாம்னுதான் சொன்னாரு சார்"ன்னான் மோசஸ். "சிவஞானமும் கேட்டான். ஆனா ப்ளக்கு விசயம் நெசம். நான் குனிஞ்சேன். பிடுங்கல."

ஆபீசர் பேனாவை மூடினாரு. முதல் ரெண்டு வரியை அவர் எழுதினாரோ இல்லையோ, கடைசி வரியை எழுதிக்கிட்டாரு.

டிசம்பர்ல ஆர்டர் வந்துச்சு. வேலையிலேர்ந்து நீக்கம்.

கிறிஸ்மஸ் அன்னிக்குக் காலையில சர்ச்சுலேர்ந்து வந்து இன்னும் சட்டையைக்கூட மாத்தல, வாசல்ல ஸ்கூட்டர் நின்னுச்சு. சிவஞானம். கையில கராச்சி பேக்கரி பொட்டலம். பியூலா பாத்துட்டு உள்ள போயிட்டா. மோசஸ்தான் கதவுக்கு வந்தான். உள்ள வான்னு சொல்லல.

"டூட்டிக்குப் போற வழி"ன்னான் சிவஞானம்.

"இன்னிக்கு ஒனக்கு எதுக்கு டூட்டி?"

பண்டிகை டூட்டியை மாத்திக்கறதுக்கு இப்ப ஆள் இல்ல, ஆனாலும் கிறிஸ்மஸுக்கு சிவஞானம் தானே பேரைப் போட்டுக்கிட்டிருக்கான். அது மோசஸுக்குப் புரிஞ்சிது. சிவஞானம் பொட்டலத்தை நீட்டினான். மோசஸ் கையை நீட்டல. அப்பறம் சிவஞானம் அதைத் தன் பக்கமே இழுத்துக்கிட்டான்.

"டப்பா இப்ப யாருகிட்ட?"ன்னு கேட்டான் மோசஸ்.

"என்கிட்டதான்."

"ஃபயருன்னு போட்டா எங்க போவுது?"

"ஸ்டேஷனுக்குத்தான்டா. சரியா இருக்கு."

"நீ பாத்தியா, இல்ல இருக்கும்ங்கறியா?"

சிவஞானம் பொட்டலத்தைக் கை மாத்திப் பிடிச்சான்.

"போனதும் ஒரு வரி அனுப்பிப் பாரு. அவங்ககிட்ட மணி அடிச்சிதான்னு போன் பண்ணிக் கேளு. தெனமும் கேளு"ன்னு சொல்லிட்டு மோசஸ் கதவைச் சாத்தினான்.

ஸ்கூட்டர் கிளம்பற சத்தம் கேக்க ரொம்ப நேரமாச்சு.